பில் புத்தகத்தின் பின்பக்கம்

மணி ரெண்டே முக்கால்.
புளிச்ச தண்ணீர் ஒன்று
நெஞ்சைச் சுரண்டிக்கொண்டு மேலேறித்
தொண்டையில் நின்று எரிகிறது.
எழுந்து உட்காருகிறேன்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில்
இரண்டு ஹாலோ பிளாக்.
டாக்டர் சொன்ன சரிவு.
சுகந்தாமணி தூக்கத்தில் வழுக்கி வழுக்கி
கால்மாட்டில் கிடக்கிறாள்.
"மலைமேல குடித்தனம் பண்றாப்பல இருக்குதுங்க" என்பாள்.
சன்னலில் நிஜ மலை.
திருச்செங்கோட்டுப் படிவிளக்குகள்.

நூற்று முப்பத்தெட்டுக் கிலோவாக
அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
டாக்டர் ஒரு இரைப்பை வரைந்து
நெடுக்கே கோடு போட்டார்.
"இத்தனையும் எடுத்துர்றோம்.
மிச்சம் ஒரு நேந்திரங்காய் அளவுக்கு."
ஊர் ஊராய் போர் போடுகிறவனுக்குத் தெரியாதா,
அகலக் குழியைக் குறுக்கினால்
உள்ளே அழுத்தம் என்னாகுமென்று?
தெரியவில்லை.
தெறித்துப்போகும் சட்டைப் பொத்தான்களையே
அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தொரு கிலோ போனது.
செருப்புகூட ஒரு நம்பர் குறைந்தது.
ஸ்கூட்டரில் பின்னால் உட்கார
சுகந்தாமணிக்கு இடம் கிடைத்தது.
கல்யாண மண்டபத்தில்
தேங்காய்ப்பால் சந்தகை மூன்று வாய்,
பள்ளிபாளையம் சிக்கன் ஒரு துண்டு,
அதோடு இலையை மடித்தால்
"என்ன மாப்ளே, சக்கரையா?"

எட்டாம் மாதம் இது வந்தது.

தொண்டை வழியாகக் கேமரா இறக்கினார்கள்.
"இங்க பாருங்க, செவந்திருக்குது."
நாங்களும் குழிக்குள் கேமரா விடுவோம்.
திரையில் பாறை, பாறை, கீழே இன்னும் பாறை.
பக்கத்தில் தோட்டத்துக்காரர் வாய்திறந்து பார்ப்பார்.
என் வாயும் திறந்தேதான் இருந்தது,
பிளாஸ்டிக் வளையம் கடித்தபடி.

"வால்வு லூசுங்க.
மாத்திரை கேக்கலீன்னா பைபாஸ் பண்ணிறலாம்."
எனக்குத் தெரிந்த பைபாஸில்
சங்ககிரி லாரிகள்தான் திரும்பும்.
"மொதல்லயே சொல்லலீங்களே?"
அவர் கோபப்படவில்லை. ஃபைலைப் புரட்டினார்.
நாலாம் பக்கம், பதினோராவது வரி.
அடியில் என் கையெழுத்து,
செக்கில் போடுகிற அதே தோரணையில்.

என் பில் புத்தகத்தின் பின்பக்கத்திலும் ஒரு வரி உண்டு.
எறும்பெழுத்தில்:
தண்ணீர் கிடைக்காவிட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல.
வெள்ளகோயில் தாண்டி ஒரு மேட்டாங்காடு.
எண்ணூற்று அறுபது அடி, வெறும் புகை.
காளியண்ணனின் மீசை, அவர் எருமை,
காயப்போட்ட சேலை, எல்லாவற்றின் மேலும்
வெள்ளை மாவு.
"முன்னாடியே சொல்லலீங்களே தம்பி?"
பில்லைத் திருப்பிக் காட்டினேன்.
கண்ணாடி எடுக்க வீட்டுக்குள் போனார்.
அவர் வருவதற்குள்
ராடுகளை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

போன் அடிக்கிறது.
ஜக்தல்பூரிலிருந்து டிரில்லர் முத்தழகு.
"எழுநூத்திருவது அடிங்ணா. புகைதாங். எறக்கட்டுங்களா?"
"காட்டுக்காரரு எங்க?"
"இங்கயேதான் குத்தவெச்சு உக்காந்திருக்காருங்."
"பில்லுக்குப் பின்னால இருக்கறத
அவருக்குப் படிச்சுக் காட்டு."

கம்ப்ரஸர் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம்.

"தமிழ்ல இருக்குதுங்ணா."

மறுபடி ஏறுகிறது. விழுங்குகிறேன்.
மாத்திரைக்கு இன்னும் மூன்று மணி நேரம்,
வெறும் வயிற்றில்தான் போடணும்.
"நிறுத்து. அவரு பாசைல சொல்ற ஆளு
ஒருத்தரக் கூட்டியா. அப்பறம் பாக்கலாம்."
"இந்நேரத்துக்கு எவன்ணா வருவான்?
வெடிஞ்சா அடுத்த பாயிண்ட்டு இருக்குது."
"இருக்கட்டும்."

சத்தம் நின்றதா தெரியவில்லை,
லைன் போய்விட்டது.

சுகந்தாமணி கால்மாட்டிலிருந்து எழுந்துபோய்
அரை டம்ளர் வெந்நீரோடு வருகிறாள்.
ஒரே மூச்சில் குடிக்க
என்னிடம் இடமில்லை.
ஒரு மடக்கு.
பொறுத்து,
இன்னொரு மடக்கு.